உணவில் ரசாயனம்: மீட்டர் வாங்கலாமா, கிட் போதுமா, ஆய்வகத்துக்கே அனுப்பலாமா?

"காய்கறியில் குத்தினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டும் மீட்டர் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. வாங்கலாமா?"

இதே கேள்வியைப் பலர் பல விதமாகக் கேட்கிறார்கள். ஒருவருக்குப் பால் மேல் சந்தேகம். இன்னொருவருக்கு மீனில் ஃபார்மலின் இருக்குமோ என்ற பயம். உணவகம் நடத்தும் ஒருவர், வாங்கும் பனீரையும் பொரிக்கும் எண்ணெயையும் தானே சோதித்துக்கொள்ள நினைக்கிறார். எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்: எலக்ட்ரானிக் மீட்டர், ரசாயனக் கிட், ஆய்வகம் என்று மூன்று வழி இருக்கிறது, எதில் பணம் போடுவது?

எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாம். அதைச் செய்யாமல் விலையைப் பார்த்தால், மலிவானதெல்லாம் நல்லதாகத் தெரியும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எந்தப் பொருளைக் கண்டுபிடிக்கிறது? "ரசாயனம்" என்று ஒரு பொருள் கிடையாது. யூரியா வேறு, ஃபார்மால்டிஹைடு (தண்ணீரில் கரைத்தால் அதுதான் ஃபார்மலின்) வேறு, ரோடமின்-பி என்ற சாயம் வேறு. கருவி எந்த ஒன்றுக்குப் பதில் சொல்கிறது, அதைப் போலவே நடிக்கும் மற்றவற்றிடம் ஏமாறுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. என்னைக் கேட்டால், பாதி முடிவு இங்கேயே வந்துவிடும்.

எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் பிடிக்கும்? சட்டம் அனுமதிக்கும் அளவை விடக் குறைவாகவும் அதற்குத் தெரிய வேண்டும்.

பதில் கிடைத்த பிறகு என்ன செய்வீர்கள்? மீனைத் திருப்பிக் கொடுப்பதா, கடையை மாற்றுவதா, புகார் கொடுப்பதா? செய்ய ஒன்றுமில்லை என்றால் சோதனையும் வீண்.

ஒரு வருடத்துக்கு மொத்தச் செலவு என்ன? வாங்கும் விலை அதில் ஒரு பகுதிதான்.

அந்தப் பதிலை வேறு யாராவது ஏற்பார்களா? கடைக்காரர், அதிகாரி, நீதிமன்றம் என்று மேலே போகப் போக இதற்கு எடை கூடும்.

## முதல் வழி: எலக்ட்ரானிக் மீட்டர்

கீழ் வீட்டு அக்கா ஒருவர் காய்கறி மீட்டர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்த்தேன். கூரான முனையைக் காயில் குத்த வேண்டும். பட்டியலில் காயின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நைட்ரேட் இவ்வளவு என்று ஒரு எண் வரும். பட்டியலில் வெள்ளரி இருந்தது. முருங்கைக்காயும் வாழைத்தண்டும் இல்லை.

வெள்ளரியை இரண்டாக நறுக்கினேன். ஒரு பாதியில் குத்தினால் பச்சை. மறு பாதியில் கொஞ்சம் சமையல் உப்பைத் தூவி, ஐந்து நிமிடம் விட்டுக் குத்தினேன். சிவப்பு. "ஆபத்து" என்று திரை மின்னியது. நான் போட்டது உப்பு, உரம் இல்லை.

காரணம் எளிது. இந்த வகை மீட்டர்கள் அளப்பது காய்ச்சாற்றில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை, அதாவது மின்கடத்துத்திறனை. சாற்றில் கரைந்திருக்கும் பொட்டாசியம், குளோரைடு, நைட்ரேட் எல்லாமே மின்சாரத்தைக் கடத்தும். எது எவ்வளவு என்று மீட்டருக்குத் தெரியாது. மொத்தத்தை அளந்து, நைட்ரேட் இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துக் காட்டுகிறது. இதைவிடப் பெரிய சங்கடம், வாங்குகிறவர்கள் பயப்படுவது பூச்சிக்கொல்லிக்கு. பெரும்பாலான பூச்சிக்கொல்லி எச்சங்கள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை. கடத்தினாலும் அந்த அளவு இந்த மீட்டரின் கண்ணுக்குப் படாது. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் இயல்பாகவே அதிகம் என்பதால், சிவப்பு வந்தாலும் குற்றவாளி உழவரா, கீரையா என்று சொல்ல முடியாது.

டிடிஎஸ் மீட்டரும் இதற்கு அண்ணன் தம்பிதான். குடிநீரில் கரைந்த உப்பின் மொத்தத்தைக் காட்டும்; அதற்கு நல்ல கருவி. இந்திய தர நிர்ணயப்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதே தரத்தில் ஆர்சனிக்கின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். மீட்டர் ஒன்று ஒன்றாகத்தான் எண்ணும். ஆர்சனிக் எல்லையோ அந்த ஒன்றில் நூறில் ஒரு பங்கு. இந்த டிடிஎஸ் மீட்டரைப் பாலில் முக்கிப் பார்த்து வீடியோ போடுகிறார்கள். பாலில் இயற்கையாகவே உப்புகள் உண்டு, எண் எகிறத்தான் செய்யும்.

மீனுக்காக விற்கப்படும் ஃபார்மால்டிஹைடு மீட்டர் இன்னும் வேடிக்கை. புதுப் பெயின்ட், புதுப் பலகையிலிருந்து வீட்டுக் காற்றில் கலக்கும் ஃபார்மால்டிஹைடை அளக்கச் செய்யப்பட்டது அது. மீனில் ஃபார்மலின் தண்ணீரோடும் புரதத்தோடும் பிணைந்து கிடக்கும். ஐஸில் வைத்த மீனிலிருந்து காற்றுக்கு வருவது சொற்பம். அதே சென்சார் கையில் பூசிய சானிடைசருக்கும் சென்ட்டுக்கும் துள்ளிக் குதிக்கும்.

சரி, அப்படியானால் சென்சார் என்றாலே ஏமாற்றா? இல்லை. அளக்கும் பௌதிக அளவும் நாம் தேடும் பொருளும் நேராகப் பொருந்தும் இடங்களில் அது அருமையாக வேலை செய்கிறது.

பொரித்த எண்ணெய் அதற்கு நல்ல உதாரணம். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் சிதைந்து, துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருட்கள் பெருகும். அவை பெருகப் பெருக எண்ணெயின் மின்காப்பு மாறிலி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்க உதவும் தன்மை, கூடும். மீட்டரின் முனையில் உள்ள மின்தேக்கி இதை நேரடியாக அளந்துவிடும். இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல் சமையல் எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் இந்த மீட்டர், தினமும் வடையும் பஜ்ஜியும் போடும் கடைக்குத் தேறும். இதிலும் சில நெளிவுசுளிவுகள் உண்டு. வடை வேகும்போது முக்கினால் நீர்க்குமிழிகள் அளவைக் கெடுக்கும். எடுத்த பிறகு குமிழி அடங்கக் காத்திருக்க வேண்டும். பாமாயில் புதிதாக இருக்கும்போதே மற்ற எண்ணெய்களை விடக் கூடுதலாகக் காட்டும். அளவுத்திருத்தத்துக்கு என்று தனி எண்ணெய் வாங்க வேண்டும்.

பால் சேகரிப்பு மையங்களில் இருக்கும் மீயொலிப் பால் பகுப்பான் இன்னொன்று. ஒலி அலை பாலில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதிலிருந்து கொழுப்பும் கொழுப்பில்லாத திடப்பொருளும் கணக்கிடும். தண்ணீர் கலந்தால் பிடித்துவிடும். ஆனால் தண்ணீர் கலந்துவிட்டு, குறைந்த திடப்பொருளை ஈடுகட்டச் சர்க்கரையோ யூரியாவோ போட்டால் எண் பழையபடி நன்றாகவே வரும். கலப்படம் செய்பவர் யூரியா போடுவதே இந்த மாதிரி எண்களை ஏமாற்றத்தான். பாலின் அடர்த்தியைப் பார்க்கும் பழைய லாக்டோமீட்டரும் இதே வழியில்தான் ஏமாறும்.

இதற்கெல்லாம் விடை தேடும் ஆராய்ச்சியும் நடக்கிறது. ராஜஸ்தான் பிலானியில் உள்ள சிஎஸ்ஐஆர்-சீரி நிறுவனம் பால் கலப்படங்களை ஒரு நிமிடத்துக்குள் காட்டும் 'க்ஷீர் ஸ்கேனர்' என்ற கருவியை உருவாக்கியது. அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம் தேயிலை மணத்தைத் தரம் பிரிக்கும் மின்மூக்கு செய்தது. பல வாயு சென்சார்களை வரிசையாக வைத்து, அவை சேர்ந்து தரும் கோலத்தைக் கணினிக்குப் பழக்குவதுதான் மின்மூக்கு. பழக்கிய மணத்தைத்தான் அது அறியும். சந்தைக்கு எல்லா உணவும் வரும். சென்னை ஐஐடி 2023-இல் அறிவித்த கருவி வேறு பாதை: காகித அடுக்குகளில் ஒரு மில்லி பால், 30 விநாடி, யூரியா, சோப்பு, ஸ்டார்ச், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாவற்றுக்கும் நிறமாற்றம். மின்சாரமே வேண்டாம். சென்சார் பற்றிய கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி காகிதமாகப் போய்விட்டது.

## இரண்டாவது வழி: கிட், ஸ்ட்ரிப், லிட்மஸ் தாள்

ரசாயனக் கிட்டின் பலம், ஒரு பொருளுக்கு ஒரு வினை. ஃபார்மால்டிஹைடோடு மட்டும் நிறம் மாறும் வினைப்பொருளைத் தாளில் ஏற்றிவிட்டால், உப்புக்கோ சென்ட்டுக்கோ அது அசையாது.

2018-இல் கேரளத்தில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டது. சென்னைச் சந்தை மீன்களிலும் அது இருப்பதாகச் செய்தி வந்தபோது இங்கே பலர் சில வாரம் மீனையே தொடவில்லை. அப்போது பரவலாகப் பேசப்பட்டது கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் கிட். மீனின் மேல் தாளைத் தேய்த்து, திரவத்தை ஒரு சொட்டு விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஃபார்மலினுக்கு ஒன்று, அமோனியாவுக்கு ஒன்று.

"ஈ மொய்க்கலேன்னா ஃபார்மலின்" என்ற சந்தைக் கணக்கை விட இது எவ்வளவோ மேல். நல்ல ஐஸில் கிடக்கும் மீனிலும் ஈ உட்காராது.

கிட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. மீன் செத்த பிறகு அதன் உடலிலேயே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். தும்பிலி, பாம்பே டக் போன்ற மீன்களில் இது நிறைய. அதனால்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லா மீனுக்கும் ஒரே வரம்பு வைக்காமல், இந்த வகைகளுக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. தும்பிலியில் லேசாக நிறம் வந்ததற்காக மீன்காரம்மாவோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பாலில் யூரியாவுக்கு வீட்டிலேயே சோதனை உண்டு. ஆணையத்தின் 'டார்ட்' கையேட்டில் உள்ளது: ஒரு தேக்கரண்டிப் பாலில் அரைத் தேக்கரண்டி சோயா அல்லது துவரம்பருப்புப் பொடியைக் கலந்து, ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். நீலமானால் யூரியா. பருப்பிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகிறது, அதற்குத்தான் தாள் நிறம் மாறுகிறது. ஆனால் பாலில் இயல்பாகவே யூரியா இருக்கும். 700 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் 700 பங்கு வரை, சட்டமே அனுமதிக்கிறது. அழுத்தமான நீலத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். நம்பிக்கையான இடத்தில் கறந்த பாலை ஒருமுறை சோதித்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதி.

பனீரில் ஸ்டார்ச்சுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டிங்சர் அயோடின் போதும், கருநீலமாகும். பச்சைப் பட்டாணி, வெண்டைக்காயில் மாலகைட் பச்சை என்ற சாயம் பூசியிருந்தால், திரவ பாரஃபினில் நனைத்த பஞ்சால் துடைக்கும்போது பஞ்சு பச்சையாகும். மஞ்சள்தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைக் கண்டுபிடிக்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். அதைச் சமையலறையில் வைக்க நான் சொல்ல மாட்டேன். முழு மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்வது அந்தச் சோதனையை விட மலிவு.

மறைந்திருக்கும் செலவு காலாவதி. கிட்டைத் திறந்து வெயிலில் வைத்தால் தாள் கெட்டுப்போய், எல்லா மீனும் நல்ல மீன் என்று சொல்லும். பொய்யான ஆறுதல் பொய்யான பயத்தை விட மோசம்.

## மூன்றாவது வழி: ஆய்வகம்

பூச்சிக்கொல்லி எச்சம், ரோடமின்-பி, சூடான் எனப்படும் சாயம், கன உலோகம் இவற்றின் அளவு தெரிய வேண்டுமென்றால் வேறு வழியில்லை. பூச்சிக்கொல்லி, சாயம் என்றால் இயந்திரம் முதலில் கலவையைப் பிரித்து, பிறகு ஒவ்வொன்றின் மூலக்கூறு எடையைப் பார்த்து அடையாளம் சொல்லும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததற்கு அடிப்படை அரசு ஆய்வகத்தின் அறிக்கை. அதில்தான் ரோடமின்-பி உறுதியானது. புதுச்சேரி அதற்குச் சில நாள் முன்பே தடை போட்டிருந்தது. எந்த மீட்டரின் சிவப்பு விளக்கும் அரசாணையாக மாறாது.

செலவு விஷயத்தில் கவனம் தேவை. தனியார் ஆய்வகங்கள் மாதிரிக்கு விலை சொல்வதில்லை, ஒவ்வொரு அளவீட்டுக்கும் சொல்கின்றன. பூச்சிக்கொல்லிப் பட்டியல் முழுவதும் என்றால் சில ஆயிரங்கள் ஆகும். ஆய்வகங்களின் தரத்தை அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். "எனக்கு வேண்டிய இந்தச் சோதனை, இந்த உணவுக்கு, உங்கள் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா" என்று கேளுங்கள். தண்ணீருக்கு அங்கீகாரம் வாங்கிய இடம் மிளகாய்த்தூளுக்கும் அதே முத்திரையில் அறிக்கை தர முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்குகிற எவரும் கட்டணம் செலுத்தி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். உணவு சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கடைக்காரரின் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதுதான் இந்த வழியின் உண்மையான விலை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மீட்டர் | கிட் | ஆய்வகம் |
|---|---|---|---|
| எதைக் காட்டும் | மொத்தமான ஒரு பௌதிக அளவு | குறிப்பிட்ட ஒரு பொருள், இருக்கிறதா இல்லையா | பெயரும் அளவும் |
| நேரம் | விநாடிகள் | நிமிடங்கள் | நாட்கள், சில சமயம் இரண்டு வாரம் |
| தொடக்கச் செலவு | ஆயிரங்கள் முதல் பத்தாயிரங்கள் | நூறுகள் | இல்லை |
| ஒவ்வொரு முறையும் | கிட்டத்தட்ட இல்லை | சில ரூபாய் முதல் | நூறுகள் முதல் ஆயிரங்கள் |
| மறைந்த செலவு | அளவுத்திருத்தம், வீண் பயம் | காலாவதி, நிறத்தைப் படிப்பதில் தடுமாற்றம் | மாதிரியைக் கெடாமல் சேர்ப்பது, காத்திருப்பது |
| புகாருக்கு உதவுமா | உதவாது | அதிகாரியை வரவழைக்க உதவும் | உதவும் |

## வீட்டுச் சோதனை எல்லாவற்றுக்கும் தப்பும் ஒன்று

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நடத்திய தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகள் எடுத்தார்கள். யூரியா, சோப்பு, பெராக்சைடு போன்ற ஆபத்தான கலப்படம் இருந்தவை வெறும் 12. அதில் யூரியா இரண்டே இரண்டு. ஆனால் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு வரம்புக்கு மேல் இருந்தவை 368. அதிகம் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்தது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் தீவனமும் தின்ற மாட்டின் பாலில் வருவது அது. யாரும் கலக்கவில்லை, காய்ச்சினாலும் போகாது. வீட்டில் உள்ள எந்த மீட்டரும் லிட்மஸும் அதைப் பார்க்காது. தெரிந்த மாட்டுக்காரரிடம் பால் வாங்குகிறவர் தீவன மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்ப்பது, மீட்டர் வாங்குவதை விட உருப்படியான காரியம்.

## யாருக்கு எது

வீட்டுக்கு மட்டும் என்றால் மீட்டர் வேண்டாம். வாரம் ஒருமுறை மீன் வாங்குகிறவர்கள் மீன் கிட்டும், பால் சந்தேகம் உள்ளவர்கள் லிட்மஸ் தாளும் அயோடினும் வைத்துக்கொள்ளலாம். காய்கறிக்கு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுவது, தோல் சீவுவது. இதற்கு மேல் வீட்டுச் சோதனை எதையும் நான் நம்பவில்லை. மாம்பழத்துக்கும் அதேதான். பழுக்க வைக்கப் போடும் கார்பைடு தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை அனுமதிக்கப்பட்டது. எத்திலீன் பழமே வெளியிடும் வாயு என்பதால் அதைச் சென்சாரால் பிடித்தும் பயனில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கம் என்றால் ஆய்வகம் சட்டென்று மலிவாகிவிடும். நாற்பது வீட்டுக்கு ஒரே பால்காரர் ஊற்றினால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாதிரி அனுப்பும் செலவை நாற்பதால் வகுத்துப் பாருங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் நடமாடும் ஆய்வக வண்டியை உங்கள் பகுதிக்கு அனுப்பவும் கேட்கலாம்.

உணவகம், பலகாரக் கடை நடத்துகிறவர்களுக்கு எண்ணெய் மீட்டரைத் தயங்காமல் சொல்வேன். தினமும் பல முறை பயன்படும். இன்னும் தாங்கும் எண்ணெயைக் கொட்டாமல் இருப்பதிலேயே போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பும். பனீருக்கும் கோவாவுக்கும் அயோடின். மசாலாத்தூள் மொத்தமாக வாங்கினால், ஒவ்வொரு லாட்டுக்கும் ஆய்வக அறிக்கையை விற்பவரிடமே கேளுங்கள். அந்தச் செலவு அவருடையது.

உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது, இன்ன உணவுதான் காரணம் என்று சந்தேகம் என்றால் கிட்டில் நேரத்தை வீணாக்க வேண்டாம். மீதி உணவைச் சுத்தமான, மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பில்லையும் பாக்கெட்டையும் வைத்திருங்கள். மருத்துவரைப் பாருங்கள், துறைக்குப் புகார் கொடுங்கள்.

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அக்காவிடம் வெள்ளரிக் கதையைச் சொன்னேன். "அப்போ இவ்வளவு காசு போட்டு வாங்கினது தண்டமா தம்பி?" என்றார். இல்லை அக்கா, இதில் தண்ணீருக்கென்று ஒரு பட்டன் இருக்கிறது, ஆர்.ஓ. ஃபில்டர் மாற்ற வேண்டுமா என்று பார்க்க நன்றாக உதவும் என்றேன். பார்த்தார். அவர் வீட்டு ஃபில்டர் மாற்ற வேண்டியதாகத்தான் இருந்தது.